எனக்கே தெரியாத பாஸ்வேர்டு

என் இடது கை விரல்களை மேஜை டிராயருக்குள் வைத்து அவன் அடித்துச் சாத்திய அன்று சாயங்காலம், மஸ்கட்டில் வேலை பார்த்த என் அண்ணனுக்கு என் பெயரில் ஒரு மின்னஞ்சல் போனது. நான் நன்றாக இருக்கிறேன், பள்ளிக்கூடத்தில் பரீட்சை வேலை அதிகம், அதனால்தான் எழுத முடியவில்லை என்று அதில் இருந்தது. எழுதியவனும் அவன்தான்.

அவன் என்றே எழுதுகிறேன். கூட வாழ்ந்த காலம் முழுக்க வாங்க, போங்க என்று மரியாதை கொடுத்தது போதும்.

தொண்ணூறுகளின் கடைசி அது. காரைக்குடியில் இன்டர்நெட் என்ற சொல்லைப் பலகையில் எழுதி வைத்த முதல் சில கடைகளில் அவனுடையதும் ஒன்று. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம், ஒரு மருந்துக்கடை மாடியில், அட்டைத் தடுப்பு போட்ட மூன்று கம்ப்யூட்டர்கள். போன் லைன் கிடைக்கும்போது மோடம் கரகரவென்று கத்தும். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற பெரியவர்கள் படியேறி வந்து சொல்லச் சொல்ல, அவன் டைப் அடித்துக் கொடுப்பான். நயமாகப் பேசுவான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் பாடற்குழுவில் முதல் வரிசையில் நின்று பாடுவான். எனக்கு அப்பாவும் அம்மாவும் அப்போதே இல்லை. அண்ணன்தான் பார்த்துப் பேசிக் கட்டி வைத்தது. நல்ல இடம் என்று எங்கள் சாமியாரே சொன்னார்.

கல்யாணமான புதிதில், அண்ணனோடு பேசிக்கொள்ளச் சௌகரியம் என்று எனக்கு ஒரு இமெயில் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தான். பாஸ்வேர்டு அவனுடைய பைக் நம்பர். மறந்துபோனால் கேட்கிற ரகசியக் கேள்விக்குப் பதிலும் அவனே போட்டான். அப்போது அது எனக்கு அன்பாகத்தான் தெரிந்தது. பூசை முடிந்து கடைக்குப் போய், ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அண்ணனுக்கு எழுதுவேன். அவன் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து படித்துக்கொண்டே இருப்பான்.

முதல் அடி ஒரு எழுத்துப் பிழைக்காக விழுந்தது. கடைக்குப் புதிதாக எழுதிய பலகையில் ஒரு ஆங்கில எழுத்து விட்டுப்போயிருந்தது. நான் டீச்சர், கண்ணில் பட்டது, சொன்னேன். வாடிக்கையாளர் ஒருவர் கேட்டுச் சிரித்துவிட்டார். அவர் இறங்கிப் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கீபோர்டை ஒயரோடு பிடுங்கி என் காதோடு சேர்த்து அடித்தான். எழுத்துப் பொத்தான்கள் தெறித்துத் தரையெல்லாம் ஓடின. காதுக்குள் மோடம் சத்தம் போல ஏதோ கத்தியது. "பொறுக்கு" என்றான். மண்டியிட்டு ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி, அதனதன் இடத்தில் வைத்து அழுத்தினேன். ஒன்றை மாற்றி வைத்துவிட்டேன் என்று மறுபடி ஒரு அறை.

அதற்குப் பிறகு அடிப்பதற்கு அவனுக்குக் காரணம் தேவைப்படவில்லை. குழம்பு, பஸ் லேட், பேச்சு, பேசாமலிருந்தது. எங்கே அடித்தால் சேலை மறைக்குமோ அங்கே அடிக்கப் பழகிக்கொண்டான். மாமியார் அடுப்படியில் இருந்தபடியே, "ஏப்பா, சத்தம் வெளிய கேக்குது" என்பார். சத்தம்தான் அவருக்குக் கவலை.

டிராயர் நடந்த நாளன்று, அவன் டீ குடிக்கக் கீழே இறங்கிய நேரத்தில் அண்ணனுக்கு ஒரே ஒரு வரி அடித்திருந்தேன். ஒரு தடவை வந்துட்டுப் போக முடியுமாண்ணே என்று. அனுப்புவதற்குள் மேலே வந்துவிட்டான். திரையைப் படித்தான். நிதானமாக அதை அழித்தான். என் கையைப் பிடித்து, "இந்தக் கைதான அடிச்சுச்சு?" என்று கேட்டு டிராயரைத் திறந்தான். இரும்பு மேஜை. மூன்று விரல்கள். சுண்டுவிரல் நகம் அப்படியே பெயர்ந்து வந்தது. நான் கத்தாமல் இருக்க இன்னொரு கையால் என் வாயைப் பொத்தினான்.

சில நாள் கழித்து அண்ணன் வீட்டுக்குப் போன் பண்ணியது. அவன் என் தோளை ஒட்டி நின்றுகொண்டிருந்தான்.

"ஏத்தா, லீவு கெடைக்கும்போல இருக்கு, கெளம்பவான்னு கேட்டதுக்கு வரவேணாம்னு எழுதியிருக்க. எதுவும் வருத்தமா எம்மேல?"

நான் அப்படி எழுதவே இல்லை. அண்ணன் கேட்டதே எனக்குத் தெரியாது. ரிசீவரைப் பிடித்த கையில் கட்டுப் போட்ட விரல்கள் தெறித்தன. அவனுடைய மூச்சு என் கழுத்தில் பட்டது.

"அதெல்லாம் இல்லண்ணே. பரீட்சை நேரம்ல, அதான்" என்றேன்.

"சரித்தா. ஒடம்பப் பாத்துக்க."

போனை வைத்ததும் அவன் என் கன்னத்தில் தட்டினான். நன்றாகப் பதில் சொன்ன பிள்ளையைத் தட்டுகிற மாதிரி. எத்தனையோ அடி வாங்கியிருக்கிறேன், எனக்குள் ஏதோ ஒன்று உடைந்தது அந்தத் தட்டலில்தான். என் உடம்பை அடிக்கிறவன் என் வாயையும் எடுத்துக்கொண்டான் என்று அப்போதுதான் உறைத்தது. நான் செத்துக் கிடந்தாலும் என் அண்ணனுக்கு நான் நலம் என்று கடிதம் போய்க்கொண்டே இருக்கும்.

பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து மேஜை சயின்ஸ் டீச்சர். திருப்பத்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து கோட்டையூரில் வாழ்க்கைப்பட்டவர். வெடுக்கென்று பேசுவார். என் கையைப் பார்த்து என்னவென்று கேட்டார். கதவில் நசுங்கிவிட்டது என்றேன்.

"உங்க வீட்டுக் கதவு மட்டும் ஏன் டீச்சர் இந்தப் போடு போடுது? போன மாசம் முதுகு. அதுக்கு முன்ன காது."

நான் அழுதுவிட்டேன். மத்தியான இடைவேளை முழுக்கச் சொன்னேன். அவர் சோற்று டப்பாவைத் திறக்கவே இல்லை.

"எங்க சித்தி மக திருப்பத்தூர்ல கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்துறா. போன் லைனும் இருக்கு. சனிக்கிழமை பயிற்சி வகுப்புன்னு சொல்லிட்டு எங்கூட வாங்க. அந்தாளு அதுல என்னதான் எழுதியிருக்கான்னு முதல்ல பாப்போம்."

சனிக்கிழமை பஸ்ஸில் குன்றக்குடி தாண்டும்வரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பாமல் வந்தேன். யாராவது பார்த்து அவனிடம் சொல்லிவிடுவார்கள் என்ற பயம். அந்தத் தங்கச்சி கல்யாணமாகாத, சின்ன உருவமான பெண். அதிகம் விசாரிக்கவில்லை. இணைப்பைப் போட்டுவிட்டு நாற்காலியை எனக்குக் கொடுத்தது. பைக் நம்பரை அடித்தேன். திறந்தது.

அனுப்பிய கடிதங்களின் நகல் எல்லாம் அப்படியே இருந்தன. அழிக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கவில்லை. யார் பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியம். நான் எழுதாத நான் வரிசையாக நின்றாள். கொடைக்கானலுக்குப் போய் வந்ததாக எழுதியிருந்தாள். அவர் தங்கமானவர் என்று எழுதியிருந்தாள். திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நான் முன்பு விண்ணப்பித்திருந்தேன். நேர்காணலுக்கு அவர்கள் அழைத்து எழுதியதும், எனக்கு உடல்நிலை சரியில்லை, வர இயலாது என்று நான் பதில் போட்டதும் அங்கேதான் எனக்குத் தெரிந்தது.

அண்ணன் போன் பண்ணியதற்குப் பிறகு போன கடிதங்களில் வேறொன்று தொடங்கியிருந்தது. கொஞ்ச நாளாகத் தூக்கமில்லை அண்ணே. பாத்திரத்தைத் தூக்கி எறிகிறேனாம். என்ன செய்கிறேன் என்று எனக்கே ஞாபகமில்லை. கிணற்றுப் பக்கம் போனால் ஒரு மாதிரி இருக்கிறது. அவர்தான் பொறுமையாகப் பார்த்துக்கொள்கிறார்.

டீச்சர் என் தோளுக்கு மேல் குனிந்து படித்துக்கொண்டிருந்தவர், உட்கார்ந்துவிட்டார். தங்கச்சிதான் பேசியது.

"அக்கா, இவரு என்னத்துக்கோ அடி போடுறாருக்கா. கெணறுன்னு சும்மா எழுத மாட்டாரு."

எங்கள் வீட்டுக் கொல்லையில் கிணறு இருந்தது. கைப்பிடிச் சுவர் இடுப்புயரம்கூட இல்லை.

அன்றே அந்தக் கணக்கை மூடிவிடலாம் என்றேன். தங்கச்சி வேண்டாம் என்றது. மூடினால் அதில் இருப்பதெல்லாம் போய்விடும், வேண்டியதை முதலில் வெளியே எடுக்க வேண்டும் என்றது. அவன் எழுதியதை எல்லாம் பிரிண்ட் எடுத்தோம். ஊசி பிரிண்டர் ஒவ்வொரு வரியாகக் கடித்துக் கடித்துத் துப்பியது. உண்மையாகவே அண்ணன் எனக்கு எழுதிய கடிதங்களைத் தனியாக ஒரு பிளாப்பியில் ஏற்றினோம். வேறொரு கம்பெனியில் எனக்குப் புதுக் கணக்கு ஒன்று திறந்தோம். முதன்முறையாக ஒரு பாஸ்வேர்டை நானே யோசித்துப் போட்டேன்.

கீழே இருந்த எஸ்டிடி பூத்திலிருந்து மஸ்கட்டுக்குப் போட்டேன். அண்ணன் எடுத்ததும் அழாமல் சொல்லிவிட வேண்டும் என்று வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன்.

"அண்ணே, அந்த அட்ரஸ்லேருந்து இனிமே எது வந்தாலும் நான் எழுதுனது இல்ல. இதுவரைக்கும் வந்ததும் நான் எழுதுனது இல்ல."

"அப்பறம் யாரு எழுதுனா?"

"அவருதாண்ணே."

அண்ணன், "அடிக்கிறானா?" என்று மட்டும் கேட்டது. ஆமாம் என்றேன். லீவு சொல்லிவிட்டு வருகிறேன், அதுவரை எப்படியாவது உயிரோடு இரு என்றது.

அடுத்த வாரம் முழுக்க, திருத்தும் பேப்பர்க் கட்டுக்குள் வைத்து என் சர்டிபிகேட்டுகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். டீச்சர் அவற்றைக் கோட்டையூர் வீட்டில் வைத்தார். திருச்சிப் பள்ளிக்கூடத்துக்கும், கூடப் படித்த இரண்டு தோழிகளுக்கும் புது முகவரியைத் தெரிவித்தேன். மாற்றுத் துணி இரண்டு. அம்மாவின் ஜெபமாலை. வேறெதையும் எடுக்கவில்லை. அந்த வாரத்திலும் அவன் அடித்தான். பெல்ட்டால். என் முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே மாமியார், "நீயும் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்ல" என்றார். கொல்லைப் பக்கம் போகும்போதெல்லாம் கிணற்றுக்கு முதுகைக் காட்டாமல் நடந்தேன்.

மறு சனிக்கிழமை திருப்பத்தூருக்குப் போனபோது, இனி வீட்டுக்குத் திரும்புவதில்லை என்று முடிவாகியிருந்தது. தங்கச்சி கணக்கை மூடும் பக்கத்தைத் திறந்து படித்துவிட்டு உதட்டைக் கடித்தது.

"மூடுனாலும் உடனே போகாதுக்கா. சில வாரம் சும்மா கெடக்கும். அதுக்குள்ள யாராச்சும் பாஸ்வேர்டு போட்டு உள்ள போனா மறுபடி உயிர் வந்துரும். அவருக்குத்தான் பாஸ்வேர்டு தெரியுமே."

"அப்ப மாத்திட்டு மூடுவோம்" என்றார் டீச்சர்.

"மாத்துனா இவுகளுக்குத் தெரியும்ல. அடிச்சுக் கேட்டா?"

நான் சொல்ல மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டிராயரைத் திறந்தாலே நான் சொல்லிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அடி வாங்காதவர்கள்தான் தாங்கிக்கொள்வேன் என்று சொல்வார்கள்.

"எனக்குத் தெரிய வேணாம்" என்றேன். "நீயே எதையாவது போடு. எங்கிட்டச் சொல்லாத."

எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். பின்னால் தங்கச்சி ஒரு துண்டுக் காகிதத்தில் எதையோ கிறுக்கியது. இரண்டு தடவை டைப் அடித்தது. ரகசியக் கேள்விக்கும் அர்த்தமில்லாமல் எதையோ போட்டது. தீப்பெட்டி உரசுகிற சத்தம் கேட்டது. திரும்பியபோது காகிதம் குப்பைக் கூடைக்குள் கருகிக்கொண்டிருந்தது. "எனக்கும் ஞாபகத்துல நிக்காதுக்கா. அம்புட்டும் தாறுமாறா அடிச்சது" என்றது.

மூடும் பொத்தானை மட்டும் நான் அழுத்தினேன்.

கோட்டையூரில் டீச்சர் வீட்டில் இரண்டு ராத்திரி தங்கினேன். திங்கட்கிழமை வேலைக்குப் போகாதே என்று டீச்சரின் வீட்டுக்காரர் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. ஒளிந்துகொண்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அவன் எழுதியதை ஊர் நம்பிவிடும் என்று தோன்றியது.

காலை முதல் மணி அடித்துப் பிள்ளைகள் வகுப்புக்குப் போனபின் அவன் வந்தான். ஸ்டாஃப் ரூமில் நானும் டீச்சரும் இன்னும் மூன்று பேரும் இருந்தோம். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தான். முகம் வெளிறியிருந்தது. நான் வீட்டுக்கு வராததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பாஸ்வேர்டு என்ன?"

நான் எழுந்து நின்றேன். "தெரியாது."

ஹெல்மெட் என் நெற்றியில் விழுந்தது. மேஜையில் சாய்ந்தேன். தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி, மேஜை விளிம்பில் முகத்தை இடித்தான். உதடு கிழிந்து நோட்டுகளின் மேலெல்லாம் ரத்தம். "சொல்லுடி. பாஸ்வேர்டச் சொல்லு." தெரியாது, தெரியாது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். பாஸ்வேர்டு என்றால் என்னவென்று அந்த அறையில் பாதிப் பேருக்குத் தெரியாது. வயதான தமிழம்மா ஒருவர் சுவரோடு ஒட்டி நின்றபடி, "சொல்லித் தொலைச்சிரு டீச்சர், உயிர் போயிரும்போல இருக்கே" என்று கதறினார். தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். சொல்வதற்கு என்னிடம் எதுவும் இல்லை என்பதுதான் அன்று என்னைக் காப்பாற்றியது.

என்னை இழுத்து பெஞ்சின் மேல் தள்ளினான். விழுந்த வேகத்தில் தோளில் 'பட்'டென்று ஏதோ முறிந்தது. அடுத்த அடிக்கு அவன் கை உயர்ந்தபோது, டீச்சர் மணி அடிக்கிற இரும்புத் தடியோடு வாசலில் நின்றார். எப்போது போய் எடுத்தார் என்று தெரியவில்லை. அவனுடைய முழங்கையில் போட்டார். அவன் அலறித் திரும்பினான். இன்னொன்று முழங்காலில் போட்டார். அவன் உட்கார்ந்துவிட்டான். வாட்ச்மேனும் பி.டி. மாஸ்டரும் ஓடி வந்து அவனை அமுக்கியபோது, டீச்சர் மூன்றாவதற்குத் தடியை ஓங்கிக்கொண்டிருந்தார். "விடுங்க சார், இன்னும் ஒண்ணு" என்று கேட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

காறை எலும்பு உடைந்திருந்தது. நெற்றியில் தையல். ஆஸ்பத்திரியில் இருந்தபோது அண்ணன் வந்து சேர்ந்தது. ஏர்போர்ட்டில் போட்ட சட்டையோடு வந்து, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தது. பிரிண்ட் எடுத்த காகிதங்களைக் கேட்டது. கொடுத்தேன். நின்றபடியே ஒவ்வொன்றாகப் படித்தது.

"இதெல்லாம் நீன்னு நெனச்சு நான் பதில் எழுதியிருக்கேன் ஆத்தா. கிண்டலெல்லாம் பண்ணியிருக்கேன்."

காகிதங்களைக் கட்டிலில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டது. டீ குடிக்கப் போகிறது என்று நினைத்தேன். அது போனது கடைக்கு. கையில் கட்டோடு கடையில் உட்கார்ந்திருந்தவனைப் படியில் இழுத்துக்கொண்டு வந்து, மருந்துக்கடை வாசலில் போட்டு, நாலு பேர் பிடித்து இழுக்கிறவரை மிதித்தது. முன்பல் இரண்டு போய்விட்டன. மேலே ஏறி மூன்று கம்ப்யூட்டரையும் கீழே தள்ளியது. இதையெல்லாம் நர்ஸ் வந்து சொன்னபோது நான் சந்தோஷப்பட்டேன். வன்முறை தவறு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள்தான் நான். ஆனாலும் சந்தோஷப்பட்டேன்.

அந்தச் சந்தோஷத்துக்கு விலை இருந்தது. போலீஸ் ஸ்டேஷனில் என் புகாருக்கு எதிராக அவனுடைய புகாரும் வந்து நின்றது. என் எலும்புக்கு அவன் பல், என் நெற்றிக்கு அவன் முழங்கை. அண்ணனுக்குப் பாஸ்போர்ட் போய்விடும் என்று பயம் காட்டினார்கள். கடைசியில் இரண்டு பக்கமும் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வது, நான் தனியாக வாழ்வது, அவன் என் பக்கமே வரக்கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். கிணறு பற்றிய காகிதங்களை அண்ணன் வைத்த வக்கீல் அவன் முன்னால் போட்டபோதுதான் அவன் கையெழுத்துப் போட்டான். அதுவரை திமிராகத்தான் இருந்தான்.

மூடிய கணக்கு சும்மா கிடந்த அந்தச் சில வாரங்களும் எனக்கு வேறெதைவிடவும் அதன் மேல்தான் பயம். எங்கேயோ ஒரு கடையில் உட்கார்ந்து அவன் பைக் நம்பரை, தாயார் பெயரை, என் பிறந்த தேதியை மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருப்பான் என்று தோன்றும். திறந்துவிட்டானா என்று நான் போய்ப் பார்க்கவும் முடியாது.

அண்ணன் திரும்பிப் போன பிறகு ஒரு நாள் டீச்சர் வீட்டுக்குப் போன் பண்ணியது.

"அந்தப் பழைய அட்ரசுக்கு ஒரு மெயில் போட்டுப் பாத்தேன் ஆத்தா."

"என்ன வந்துச்சு?"

"அப்படி ஒரு அட்ரசே இல்லன்னு மெயில் கம்பெனிக்காரன் திருப்பி அனுப்பிட்டான்."

திரும்ப ஒரு தடவை சொல்லச் சொன்னேன். அண்ணன் சொன்னது. டீச்சரிடம் சொல்ல வாயெடுத்தேன், சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் காறை எலும்பு சுரீரென்று இழுத்தது. வலியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் சிரித்தேன்.

திருச்சியில் அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்துவிட்டார்கள். அடுத்த ஜூனில் புதுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. முதல் நாள் வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேராகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கப் போனேன்.